ஸ்டெல்லாவின் சிலுவைக்கு வார்னிஷ்

இன்று காலை ஒரு டின் வார்னிஷோடு எங்கள் குப்பத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். என் மனைவி ஸ்டெல்லாவின் மரச்சிலுவை வெயிலில் வெளுக்க ஆரம்பித்திருக்கிறது.

பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில் வேலை எனக்கு. சாதா வார்னிஷ் வெயிலை உள்ளே விட்டுவிடும். அடியில் மரம் நரைத்து, மேலே படலம் உரியும். இது புற ஊதாக் கதிரைத் தடுக்கிற வகை.

சிலுவையைத் தொட்டேன். ஒரே எண்ணெய். எண்ணெய் மேல் வார்னிஷ் பிடிக்காது.

பின்னாலேயே மாமியார் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு வந்தார்.

"அத்தை, எண்ணெ தடவுறது நீங்களா?"

"வேற யாரு? ஞாயித்துக்கெழம ஆனா அதுக்குத் தலைக்கு எண்ணெ வெக்கணும் மாப்ள. இல்லன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கும். உனக்குத் தெரியாதா?"

தெரியும்.

"இன்னா டின்னு அது?"

"வெயில் தாக்காம இருக்க, அத்தை."

"அப்ப பூசேன்."

பூச வேண்டுமென்றால் முதலில் தின்னர் போட்டு எண்ணெயைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பூசிய பிறகு அவர் வைக்கிற எண்ணெய் மரத்துக்குள் இறங்காது.

"இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றேன். பாட்டிலை வாங்கி, அவர் கைக்கு எட்டாத உச்சியில் நான் தடவினேன்.

வெயில் படுகிற மரக்கதவு யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள். நல்ல வார்னிஷ், டின் இன்னும் திறக்கவில்லை.