யன்னலுக்கு வெளியே தாளம்

எழுபதுகளில், திருகோணமலைத் துறைமுகத்தில் தட்டெழுத்தாளராக இருந்தபோது மாலையில் பாட்டு வகுப்புக்குப் போனேன். மண்டபக் காவலாளி காசிம் யன்னலுக்கு வெளியே நின்று தொடையில் தட்டுவார். என்னைப் பழித்துக் காட்டுகிறார் என்று சந்தேகப்பட்டு, ஆசிரியையிடம் சொல்லி யன்னலைச் சாத்தவைத்தேன்.

ஆண்டு விழா மேடையில், பாட்டின் நடுவே எனக்குத் தாளம் தவறியது. வாசலில் காசிம் நின்றார். தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். இங்கேயும் பழிக்கிறாரோ என்று உற்றுப் பார்த்தேன். கணக்குப் பிசகவில்லை. அந்தக் கையைப் பார்த்தே பாடி முடித்தேன்.

“எங்கே பழகினீங்கள்?” என்று பிறகு கேட்டேன்.

“உங்கட வகுப்பிலதான், தங்கச்சி. யன்னலைச் சாத்தினாப் பிறகு ரீச்சரின்ட விரலைப் பார்க்க ஏலாது. காதால கேட்டுத்தான் பிடிச்சனான்.”

சாத்தவைத்தது நான் என்று அவருக்குத் தெரியுமா? அந்தச் சந்தேகம் மட்டும் இன்னும் தீரவில்லை.