இலை போட்ட வீடு

1. வாயில் கொழுக்கட்டை

அஞ்சலை தன் வழக்கை வாபஸ் வாங்க வந்த அன்று, அவள் ஜெயிக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் கூடாது. பெஞ்ச் கிளார்க் வேலையில் முதல் பாடமே அதுதான். ஐயா வாயிலிருந்து தீர்ப்பு வரும்வரை நம் வாயில் கொழுக்கட்டை இருக்க வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். தொண்ணூறுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுசாக எழுதி முடித்த பிறகு ஊருக்கு ஊர் ஒரே கூச்சல். அப்பன் பெயர் இருக்க வேண்டிய பட்டாவில் பக்கத்துக் கொல்லைக்காரன் பெயர். அண்ணன் பங்கு தம்பி பேரில். செத்துப்போனவருக்கே புதுப் பட்டா போட்ட ஊரும் உண்டு. இதையெல்லாம் சிவில் கோர்ட்டுக்கு அனுப்பினால் பேரன் காலத்தில்தான் தீரும் என்று, இதற்காகவே ஒரு சிறப்புத் தீர்ப்பாயம் போட்டார்கள். தலைவர் ஒரு ஓய்வு பெற்ற ஜட்ஜ், எங்களுக்கு ஐயா. அவருக்குக் கீழே ஒரு சர்வேயர், ஒரு டைப்பிஸ்ட், ஒரு டிரைவர், நான்.

சொந்தக் கட்டடம் கிடையாது. தாலுகா தாலுகாவாக கேம்ப். உத்திரமேரூர் கேம்ப் ஏரிக்கரைப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் நடக்கும். வராந்தாவில் கட்சிக்காரர்கள், உள்ளே நாங்கள், உத்தரத்தில் புறாக்கள். வக்கீல் பேசும்போது புறாவும் சேர்ந்து வாதாடும். பல நாள் புறா சொல்வதில்தான் சாரம் இருக்கும்.

ஐயா படு கறார். டீ கூட சொந்தக் காசில்தான். கட்சிக்காரர் கும்பிட்டால் தலையை மட்டும் அசைப்பார்.

"நாம சிரிச்சா கூட எதிர் பார்ட்டி அதுக்கு ஒரு கணக்கு போடுவான்யா" என்பார்.

அப்படிச் சொன்னவரே மாட்டிக்கொண்டார். அதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

2. கால்வாய்க்கு எந்தப் பக்கம்

அஞ்சலைக்குத் திருமுக்கூடல் போகிற வழியில் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம், இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். காலனியில் குடிசை, கூலி வேலை. நிலமில்லாதவர்களுக்கென்று சர்க்கார் ஒரு காலத்தில் கொடுத்ததில் அவள் மாமனாருக்கு ஒரு ஏக்கர் சில்லறை கிடைத்திருந்தது. புருஷன் படுக்கையில் விழுந்தபோது அதை ஏகாம்பரம் என்பவருக்குக் குத்தகைக்கு விட்டாள். புருஷன் போய்ச் சேர்ந்தான். பதிவேடு எழுத வந்தவர்கள், இதில் யார் பயிர் வைக்கிறார்கள் என்று கேட்டு ஏகாம்பரம் பெயரையே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த பட்டத்திலிருந்து குத்தகை நின்றது. தன் நிலத்திலேயே கூலிக்கு நாற்று நட்டாள் அஞ்சலை. அதற்குப் பிறகுதான் எங்களிடம் மனு போட்டாள்.

ஏகாம்பரம் பக்கத்து வாதம் சுருக்கமானது. சர்க்கார் கொடுத்தது கால்வாய்க்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் இருப்பது எங்கள் பாட்டன் சொத்து. ஆக வழக்கே கால்வாய்க்கு எந்தப் பக்கம் என்பதுதான். உட்கார்ந்த இடத்தில் பேசி இது தீராது, நேரில் போய் அளந்துவிடலாம் என்று ஐயா முடிவு செய்தார்.

போனது நல்ல வெயில் காலம். நிலத்து மூலையில் நாலைந்து பனை மரம். அதன் நிழலில் அஞ்சலை ஒரு புதுப் பானையில் தண்ணீர் வைத்து, பனையோலையில் நுங்கு பரப்பியிருந்தாள்.

"வாய நனைச்சிக்கினு அப்பால அளங்க சார். நுங்கு காலையிலதான் எறக்குனது."

"வேணாம்மா" என்றார் ஐயா. "கேஸ் நடக்குது. உங்ககிட்ட நாங்க எதுவும் வாங்கக் கூடாது."

"வெறும் தண்ணிதான சார்."

"தண்ணியும்தான்."

சட்டப்படி அப்பழுக்கில்லாத பதில். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஐயா வேண்டாம் என்றதை நான் குடிக்க முடியுமா? அவள் முகம் சுருங்கவில்லை. பெரிய உத்தியோகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தவள் மாதிரி தலையாட்டிவிட்டுப் பானையை மூடினாள்.

சர்வேயர் பழைய வரைபடத்தை விரித்து, சங்கிலி பிடித்து அளந்தார். அளவு போய் நின்ற இடத்தில் வேலிகாத்தான் முள் புதர். ஆள் வைத்து வெட்டிப் பார்த்தால் உள்ளே சர்க்கார் நிலம் கொடுத்தபோது நட்ட பழைய எல்லைக்கல். கால்வாய்க்கு இந்தப் பக்கம். சர்வேயர் ஐயாவைப் பார்த்தார், ஐயா இமையை மூடித் திறந்தார். வெளியில் ஒரு வார்த்தை இல்லை. அஞ்சலை எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் முகத்தைக் கல்லாக வைத்திருந்தோம்.

3. கை நனைத்தோம்

அளந்து முடித்தபோது உச்சி வெயில். கூடவே இருந்த வி.ஏ.ஓ. குனிந்து சொன்னார்: "ஐயா, சாப்பாடு சொல்லிட்டேன். இங்க ஓட்டல் எதுவும் கெடையாதுங்க. எந்த ஆபீசர் வந்தாலும் பழைய பிரசிடென்ட் வூட்லதான் சாப்பிடறது."

"பார்ட்டி வீடு இல்லையே?"

"சேச்சே. பார்ட்டி இல்லீங்க ஐயா."

அவர் பொய் சொல்லவில்லை. பழைய பிரசிடென்ட் வழக்கில் பார்ட்டி இல்லை. பார்ட்டியின் கூடப் பிறந்த அண்ணன். ஊருக்கே தெரிந்த அந்த உறவைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று வி.ஏ.ஓ.வுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

கூடத்தில் வரிசையாக இலை. சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. ஐயா பிசைய ஆரம்பித்தார். அப்போது சமையல்கட்டிலிருந்து நெய்க் கிண்ணத்தோடு வந்தவர் ஏகாம்பரம். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு இலைக்கும் குனிந்து குனிந்து ஊற்றினார்.

"கூச்சப்படாம சாப்பிடுங்க ஐயா. நம்ம வூட்டு நெய்தான்."

ஐயாவின் கை சோற்றிலேயே நின்றது. என்னைப் பார்த்தார். நான் வெண்டைக்காய்ப் பொரியலைப் பார்த்தேன். கை வைத்த இலையை விட்டு எழுந்தால் அது அந்த வீட்டையே அவமதித்த மாதிரி. நம்மை வளர்த்தது அப்படி. சட்டப் புத்தகத்தில் இதற்கு வழி எதுவும் சொல்லவில்லை. ஐயா பிசைந்ததை மட்டும் விழுங்கினார். ரசம் வேண்டாம், மோர் வேண்டாம், இலையை மூடிவிட்டார். நான் அப்படியில்லை, நன்றாகவே சாப்பிட்டேன். வடை அருமையாக இருந்தது என்பதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை, மறந்தால் தேவலை.

கை கழுவ வாசலுக்கு வந்தேன். எதிரில் வைக்கோல் போர் ஓரமாக அஞ்சலை நின்றிருந்தாள். அவள் காலடியில் சர்வேயரின் சங்கிலிப் பை. நிலத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவள் அதை வெயிலில் சுமந்துகொண்டு வந்து, உள்ளே வர முடியாத வீட்டுக்கு வெளியே காத்திருக்கிறாள். தெருக் கதவு அகலத் திறந்திருந்தது. பந்தி முழுவதும் அங்கிருந்து தெரியும்.

"சங்கிலிய உட்டுட்டு வந்துட்டீங்க சார்" என்றாள்.

"சரிம்மா" என்று வாங்கிக்கொண்டேன்.

ஜீப் ஏரிக்கரை ஏறும்போது ஐயா சொன்னார்: "தப்புய்யா. அந்த வீட்ல கை நனைச்சிருக்கக் கூடாது." கொஞ்சம் கழித்து அவரே, "போகட்டும். கல்லு தெளிவா இருக்கு. நிலம் அந்தம்மாவோடதுதான். அடுத்த கேம்ப்ல ஆர்டர் போட்டுடலாம்" என்றார்.

எங்களுக்கு மனசு லேசாகிவிட்டது. தீர்ப்பு நியாயமாக வரப்போகிறது, சாப்பிட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டோம்.

4. வாபஸ்

அடுத்த கேம்ப் அன்று காலை, பங்களா திறக்கும் முன்பே அஞ்சலை வந்திருந்தாள். கையில் யாரிடமோ எழுதி வாங்கிய வாபஸ் மனு. படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்மா, இவ்வளவு நாள் நடந்துட்டு இப்ப எதுக்கு? இன்னும் கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்."

அதற்கு மேல் ஒரு சொல் சொன்னால் என் வேலை போகும்.

"எங்கையில குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மனுவை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல சார்."

"ஏகாம்பரம் ஏதாவது தர்றதா சொன்னாரா?"

"பன மரம் கீற மூலைல வூடு கட்டிக்கன்னு சொல்லிக்கீறாரு."

"மிச்ச நிலம்?"

"அவரே வெச்சிக்கட்டும் சார்."

"ஒரு வாய்தா தர்றேன். போய் நிதானமா யோசிச்சுட்டு வா."

"வாணாம் சார். இன்னொரு நாள் கூலி போவும்."

நிலம் அவளுடையது என்று ஐயாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மனு போட்டவள் வேண்டாம் என்கிறபோது கையைப் பிடித்து இழுத்து ஜெயிக்கவைக்க வழியில்லை. "மனுதாரர் வாபஸ் பெற்றதால் தள்ளுபடி" என்று சொல்லிவிட்டு எழுந்து உள் அறைக்குப் போய்விட்டார். மையைத் தடவி அவள் கட்டைவிரலைப் பிடித்து ரேகை எடுத்தது நான்தான்.

வெளியில் வந்து கேட்டேன். "அளந்தப்ப நீயும் கூடத்தானே இருந்த? ஏம்மா இப்படிப் பண்ண?"

"இருந்தன் சார். அளந்துட்டு எங்க போனீங்கன்னும் பாத்தன்." குரலில் கோபமே இல்லை. "எங்கிட்ட தண்ணி கூட வாணான்னீங்க. கேஸு நடக்குது, வாங்கக் கூடாது, சரின்னு நெனச்சிக்கினன். அவங்க வூட்ல இல போட்டு துன்னீங்க. உப்பு துன்ன வூட்டுக்கு எதிரா யாரு சார் எளுதுவாங்க? நானா இருந்தாலும் எளுத மாட்டன். தோத்துட்டு தெருவுல நிக்கறதுக்கு, குடுக்கற மூலைய வாங்கிக்கினு போறது மேல் இல்ல?"

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அவள் அதை நம்பினாள். நம்பியதில் அவள் தப்பு என்ன இருக்கிறது? நிலம் உன்னுடையதுதான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாபஸ் ஆன பிறகு சொல்லி என்ன பயன், வயிறு எரிவது ஒன்றுதான் மிச்சம் என்று சும்மா இருந்துவிட்டேன்.

5. டிபன் கேரியர்

அதற்குப் பிறகு எங்கள் ஜீப்பில் ஐந்து பேருக்கும் சோறு போகும். ஐயா வீட்டிலிருந்து பெரிய கேரியர் வரும், தண்ணீருக்குத் தனிக் கேன். ஊர்ப் பெரிய மனுஷர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். காவாந்தண்டலம் பக்கம் ஒருவர், "எங்க வூட்டு சோறு அவ்ளோ மட்டமா?" என்று ஜீப்பை மறித்தே கேட்டார். ஐயா கும்பிடு போட்டுவிட்டு, புளிய மரத்தடியில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டார். இப்போது நில ஆய்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான். சங்கிலியை மறந்தால்கூடத் திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம், சாப்பாட்டை மறக்காதீர்கள். நீங்கள் எழுதப்போகும் தீர்ப்பு கட்சிக்காரருக்குத் தெரியாது. எந்த வீட்டில் உட்கார்ந்தீர்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரியும்.

ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்துத் திருமுக்கூடல் கோயிலுக்குப் போனேன். திரும்பும்போது கால் தானாக அந்த ஊரில் இறங்கியது. நிலம் இருந்த இடத்தில் மஞ்சள் வர்ணம் அடித்த மனைக் கற்கள். மூலையில் பனை மரத்தடியில் ஒரு சின்ன ஓட்டு வீடு. வாசலில் முறத்தோடு இருந்தவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"கேம்ப்பு குமாஸ்தா சாருதான?"

"ஆமாம்மா. எப்படி இருக்கீங்க?"

உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "இப்பனா குடிக்கலாம் இல்ல. கேஸு ஒண்ணும் இல்லியே."

வாங்கிக் குடித்தேன். அவள் மனைக் கற்களைக் காட்டிச் சொன்னாள்: "அத்தினியும் வித்துட்டாரு சார். இந்த மூலைல மட்டும் கை வெக்கல, சொன்ன சொல்ல காப்பாத்திட்டாரு. அன்னிக்கு நான் உட்டுக் குடுத்ததால இதுனா நின்னுச்சி. கேஸு நடத்திக்கினே இருந்தா இதுவும் போயிருக்கும், இல்ல சார்?"

இப்போது எனக்கு வேலையும் இல்லை, போவதற்கும் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்லலாம். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்மா" என்றேன். "இதுவும் போயிருக்கும்."

அவள் முகம் தெளிந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். வயிறு நிறைந்துதான் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, சொம்பை நீட்டினேன்.