ஒன்பதில் முடியும் எண்கள்

1924 தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மொம்பாசாவில் நர்ஸ் வேலை கிடைத்து நான் ஆம்பூரைவிட்டுக் கிளம்பினேன். எதிர்வீட்டு நசீமுன்னிசா கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதக் கட்டை நீட்டினாள். அவள் கணவர் அப்துல் ஹமீத் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிப்பவர். அங்கே கழித்த எடைச் சீட்டுகள் அவை; பின்பக்கத்தில் கணக்குப் போடலாம். ஆவாரம்பட்டை வாசனை அடித்தது.

"ஒம்போதுல முடியறதெல்லாம் உன்னுது. மறந்துட்டேன்னு மட்டும் எழுதாத, கிருபா."

நசீம் பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டுக்கு வந்த மிஷன் அம்மாவிடம் தமிழும் கணக்கும் கற்றவள். வேலை ஓய்ந்த மத்தியானங்களில் ஒன்றுகளை வரிசையாக எழுதி, எவற்றைப் பெருக்கினால் அந்த எண் வரும் என்று உடைத்துப் பார்ப்பாள். 111 என்பது மூன்றையும் முப்பத்தேழையும் பெருக்கியது. ஐந்து ஒன்றுகள் 41-ஆல் வகுபடும். ஏழு ஒன்றுகளுக்கு 239 அகப்பட ஒரு மழைக்காலம் ஆயிற்று. பத்து ஒன்றுகள் வரை, 11-ஐத் தவிர எல்லாம் உடைந்தன. பதினொரு ஒன்றுகள் மட்டும் அசையவில்லை. 11111111111 உடையுமா, உடையாதா? அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"மாட்டுத் தோலையே முதுகோட ரெண்டா அறுக்கறோம். இத அறுக்க முடியலியா?" என்பார் ஹமீத்.

"உங்க மாடு செத்தது. இது உயிரோட இருக்கே!"

வேலூரில் கல்லூரியில் படித்த கொழுந்தன் நயீம் அகமது ஒரு விதியை எழுதிவந்து கொடுத்தான். இந்த எண்ணை வகுப்பது எதுவானாலும், அதை 22-ஆல் வகுத்தால் ஒன்று மிஞ்சும். அப்படிப்பட்டவற்றை ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரை பார்த்தால் போதும். மூன்றாலும் ஐந்தாலும் வகுபடுபவற்றை நசீம் தள்ளினாள். அப்படியும் இரண்டாயிரத்து ஐந்நூற்றுக்கு மேல் நின்றன. ஒன்று, மூன்று, ஏழில் முடிபவை அவளுக்கு. ஒன்பதில் முடியும் அறுநூற்றுச் சொச்சம் எனக்கு.

கப்பலில் இருபத்தைந்து வகுத்தல்கள் போட்டேன். 4049-ஓடு நின்றுவிட்டேன். மறுவருடம் அவள் கடிதத்தில் விசாரித்தபோது, "ஒன்பதில் எதுவும் இல்லை" என்று எழுதிப் போட்டேன்.

1929-இல், வேலை மாறி நான் ரங்கூனில் இருந்தபோது, அவள் கடிதம் வந்தது. தன் பங்கை முடித்துவிட்டாள். எதுவும் வகுக்கவில்லை. ஆகவே அந்த எண் உடையாதது! தெரு முழுக்க மக்கன் பேடா கொடுத்தாளாம். அந்தக் கடிதத்தை இரண்டாம் முறை படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

1932 ஆடியில் ஊர் திரும்பியதும் நேரே அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். ஹமீத் சாயாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"தெருவே பேடா தின்னுடுச்சும்மா. இப்ப யார் வயித்துலேர்ந்து திரும்பி வாங்கறது?"

நசீம் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். இனி இந்தப் படி ஏறமுடியாது என்று நான் செருப்பைத் தேடினேன். அவள் மைக்கூட்டோடு திரும்பி வந்தாள்.

"எதுல நிறுத்தின?"

"4049."

"அதுவரைக்குமாவது நெஜமா போட்டியா?"

"சத்தியமா."

"சரி. அடுத்தது 4159. அதுலேர்ந்து நான் போடறேன்."

"கோவம் இல்லியா, நசீம்?"

"ஜாஸ்தியாவே இருக்கு. ஆனா மூணு வருசமா மத்தியானத்துல இன்னா பண்றதுன்னே தெரியாம பேஜாரா கெடந்தேன்."

கூட உட்கார்ந்து போடட்டுமா என்று கேட்டேன். "ஒம்போது இப்ப என்னுது. தொடாத," என்றாள். ஆனாலும் எனக்குச் சாயா ஊற்றிக் கொடுத்தாள். இன்றுவரை எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் எனக்கு உபசாரம் செய்திருக்கிறார்கள். அந்த ஒரு கோப்பைக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

ஆவணியில் நான் கொழும்புக்குப் போய்விட்டேன். கார்த்திகையில் தபால் அட்டை ஒன்று வந்தது:

"21649 × 513239 = 11111111111. ஒடஞ்சிடுச்சு. நீயும் பெருக்கிப் பாரு, இந்தத் தடவ நெஜமா. தெருவுல எல்லார்கிட்டயும் தப்புன்னு சொல்லிட்டேன். பேடா நீ வாங்கிட்டு வா. பன்னெண்டு ஒண்ணு பதினொண்ணுலயே ஒடஞ்சிடும்; அடுத்தது பதிமூணு ஒண்ணு. ஒம்போதுல முடியறது மறுபடியும் உன்னுது."