வலது கைப்பிடி

நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, முகப்பேருக்கு வாருங்கள். என் மனைவி ரோஷினியின் மணிக்கட்டைக் காட்டுகிறேன். தழும்பு இன்னும் போகவில்லை.

போன மே மாதம் இந்த ஃப்ளாட்டுக்கு வாடகைக்கு வந்தோம். பால்கனியில் ஒரு பழைய பிரம்பு நாற்காலி கிடந்தது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப் போனது. வலது கைப்பிடியில் மட்டும் பின்னல் பிய்ந்து தொங்கியது. ரோஷினிக்கு அப்போது ஏழாம் மாதம், ஓயாத இடுப்பு வலி. சாய்ந்து உட்கார ஏதாவது வேண்டும் என்றாள். ஆள் வைத்துச் சரிசெய்ய எனக்கு மனசு வருமா? யூடியூப் எதற்கு இருக்கிறது!

பிரம்பு நாரை ஊறவைத்தால்தான் வளையும். ஈரத்தோடு பின்னினால், காயும்போது தானாக இறுகிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்து நாரைப் போட்டேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பக்கெட் காலி.

ஓட்டை போலிருக்கிறது என்று வேறு பக்கெட் வைத்தேன். அதுவும் காலி. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை...

மூன்றாவது முறை பக்கத்திலேயே நின்று ஊறவைத்தேன்.

பழைய பின்னலை எலி கடித்திருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் பல் தடம் எலிக்கு ரொம்பப் பெரிது. பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மூன்று சுற்று போதும் என்ற இடத்தில் வீம்புக்கு ஆறு சுற்று இழுத்துப் பின்னினேன். யாரோ முனகியது போல் இருந்தது. நார் உரசுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"காயட்டும், உக்காராத" என்று ரோஷினியிடம் சொல்லிவிட்டு வார்னிஷ் வாங்கப் போனேன். கால் மணி நேரம்தான்.

திரும்பியபோது உச்சி வெயில்.

"ரோஷி..."

வார்னிஷ் டப்பாவை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

க்ரீச்... க்ரீச்...

பால்கனி.

நாற்காலியில் இருந்தாள். இரண்டு கைகளும் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. நான் மிச்சம் வைத்த நார். காய்ந்து, சதைக்குள் இறங்கியிருந்தது. கால் மணியில் எந்த நாரும் அப்படிக் காயாது.

உதடு வெடித்திருந்தது.

"தண்ணி..."

"யாரு கட்டுனா?"

என்னையே பார்த்தாள்.

"நீங்கதானே கட்டுனீங்க... எவ்ளோ கெஞ்சுனேன்."

நாரை வெட்டிவிட்டேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் ரோஷினி இன்று வரை என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை.

அன்றே நாற்காலியைக் கீழே குப்பைத் தொட்டி ஓரம் வைத்தேன். கீழ் வீட்டு ஜெயசீலி ஆன்ட்டி பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"ஐயோ, இத்த ஏன் தம்பி தொட்டே? ஓனரு சொல்லலியா? முன்னாடி இருந்த ஆளு, புத்தி சரியில்லாத அவன் தம்பிய இதுல கட்டிப்போட்டு ஊருக்கு கல்யாணத்துக்குப் பூட்டான். வெயில்ல மூணு நாளு. எதுக்கால பக்கெட்ல தண்ணி கீது... எட்டல. வலது கைப்பக்கம் பிரம்ப பல்லாலயே கடிச்சிகினு இருந்துக்கிறான், பாவம். இன்னும் ரெண்டு சுத்து கடிச்சிருந்தா கை வெளிய வந்துருக்கும்."

மறுநாள் காலை நாற்காலி அங்கே இல்லை. யாரோ தூக்கிப் போயிருக்கிறார்கள்.

வலது கைப்பிடி நல்ல உறுதி. ஆறு சுற்று. இனி அதை யாராலும் கடித்துப் பிய்க்க முடியாது.