520-க்குப் பக்கத்தில் ஒரு c

புத்தூரில் நான் வேலை பார்க்கும் பெயின்ட் கடைக்கு ஒருநாள் அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். வீட்டுக்கு வாழைக்குருத்துக் கலர் வேண்டும். ஷேட் கார்டில் அண்ணன் ஒன்றைத் தொட்டார், தம்பி வேறொன்றை.

"இதாடா குருத்து? முத்தின இலைடா இது!"

அந்த நிமிடம்தான் எனக்குத் தோன்றியது. நிறத்துக்குத்தான் எண் இருக்கிறதே, பிறகெதற்குச் சண்டை? பி.எஸ்சி. இயற்பியலில் படித்ததுதான். ஒரு நிறத்தின் சாயல் எந்த அலைநீள ஒளியோடு ஒத்துப்போகிறதோ, அந்த நானோமீட்டர்தான் அதன் எண்.

முதலாளியை ஒரு மாதம் நச்சரித்துக் கலர் மீட்டர் வாங்க வைத்தேன். கடையின் ஷேட்களை எல்லாம் அளந்து எக்செல்லில் ஏற்றினேன்.

"ஒரு டின் வீணாச்சுன்னாலும் இது பரண்ல ஏறிடும்மா, சொல்லிட்டேன்" என்றார் முதலாளி.

ஸ்ரீரங்கத்தில் மல்லிகா அக்கா தையல் கடை திறக்கவிருந்தார். முன்சுவருக்கு ராணி கலர் வேண்டும் என்று ஒரு பிளவுஸ் துணியை நீட்டினார். அங்கேயே அளந்தேன். திரையில் 520c. அவசரத்தில் c-யை விட்டுவிட்டு 520 என்று கடைக்கு வாட்ஸப் அனுப்பினேன். கலரின் பெயரை எழுதவில்லை. எண் இருக்கும்போது பெயர் எதற்கு என்ற திமிர். டின்டிங் மெஷின் பார்க்கும் சகாயம் அண்ணன் என் பட்டியலில் 520-ஐத் தேடி, நாலு லிட்டர் கலக்கி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தார். "என்ன பாப்பா, ராணி கேட்டா கிளிய அனுப்பியிருக்க? நான் வர்றதுக்குள்ள பெயின்டர் பாதிச் சுவரு அடிச்சிட்டாரு. வெள்ளிக்கிழமை திறப்பு!"

வானவில்லில் ராணி கலர் கிடையாது. சிவப்பும் ஊதாவும் கலந்தால்தான் அது பிறக்கும். சொந்த அலைநீளம் இல்லாததால், எதிர்நிறமான பச்சையின் எண்ணை எழுதி, எதிர்நிறம் என்பதற்கு அடையாளமாக c போடுவார்கள். அந்த ஒற்றை எழுத்து போனதில் அக்காவுக்கு நேர் எதிரியை அனுப்பியிருந்தேன்.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். பரணில் போட அவர் மீட்டரைக் கையில் எடுத்துவிட்டார்.

சகாயம் அண்ணன் குறுக்கே வந்தார். "என்ன கலருன்னு நானும் ஒரு வார்த்தை கேக்கலீங்க. பாதித் தப்பு என்னுது."

"மிச்ச டின்ன என்ன பண்றதாம்?"

"எதிர்நிறம்தானே சார், ராணிச் சாயத்தை ஊத்தினா ரெண்டும் அடங்கி சாம்பலாயிடும்" என்றேன்.

"ஊத்திக் காட்டு."

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினோம். லேசாகப் பழுப்பு ஓடிய சாம்பல் வந்தது. அக்கா பார்த்துவிட்டு, "அழுக்குத் தெரியாது, உள்ளே சுவரோட கீழ்ப்பாதிக்கு அடிச்சிடுங்க" என்றார். பச்சைச் சுவரில் வெள்ளை பிரைமர் அடித்து, மேலே ராணி அடித்தோம். வெள்ளிக்கிழமை கடை திறந்தது.

டின் வீணாகவில்லை, மீட்டரும் பரணுக்குப் போகவில்லை. சகாயம் அண்ணனுக்கும் மல்லிகா அக்காவுக்கும்தான் நான் நன்றி சொல்ல வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எண் சரியாக இருந்தாலும், கேட்டவர் என்ன பெயர் சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

இப்போது என் பட்டியலில் பெயருக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. அடுத்து, c போட வேண்டிய நிறங்களை மட்டும் தனியாக அளக்கப் போகிறேன். அதற்காக மல்லிகா அக்கா ஒரு மூட்டை வெட்டுத்துணி எடுத்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு துண்டுக்கும் முதலில் அவர் பெயர் சொல்வார். அதற்கப்புறம்தான் மீட்டரை வைப்பேன்.