செடி பார்க்கத்தான் என்றீர்களே, மாமா

மாமா, நீங்கள் பொய் சொல்லித்தான் சித்தியை அந்தத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனீர்கள். மறந்துவிட்டது என்று மழுப்பாதீர்கள். நானும் கூட வந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது.

சித்தி, அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டில் தங்கி பி.எஸ்சி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருடப் படிப்புதான் பாக்கி. சமயநல்லூரைத் தாண்டி ஒரு பெரிய தாவரவியல் தோட்டம் இருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்காத நாள் இல்லை. தனியாக எங்கும் போகக் கூடாது என்பது உங்கள் சட்டம். தாத்தா போன பிறகு மூத்த அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? அந்த அண்ணனே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, “கெளம்பு, உன் படிப்புக்கு ஆகும்” என்றால் அவள் என்ன நினைப்பாள்? துள்ளிக் குதித்தாள்.

அம்மா மாம்பழ நிறப் பட்டுச்சேலையை எடுத்து நீட்டினார்.

“செடியப் பாக்கப் போறதுக்கு எதுக்குக்கா பட்டு? செடியா என்னையப் பாக்கப் போகுது?” என்று சித்தி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

நம் குடும்பங்களில் இது பழக்கம்தான். பெண்ணிடம் சொல்லாமல் கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள். மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாக வந்தது போல நின்று பார்ப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் சத்தமில்லாமல் போய்விடலாம், யாருக்கும் அவமானம் இல்லையாம். பெண்ணை இந்த ‘யாருக்கும்’ என்பதில் சேர்ப்பதில்லை. சித்தி ஏற்கெனவே ஒருமுறை பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் இதைக் கண்டுபிடித்து எழுந்து வந்துவிட்டாள். இனிக் கோயில் என்றால் உஷாராகிவிடுவாள். அதனால் அவள் ஆசைப்பட்ட இடத்தையே பிடித்தீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மாவையும் சேர்த்து நாலு பேரும் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போய் இறங்கினோம். மத்தியான வெயில் தெரியாத அளவுக்கு மரங்கள். சித்தி ஒவ்வொரு மரமாக நின்று, பட்டையைத் தடவி, விழுந்த இலையை எடுத்து எனக்குக் காட்டினாள். சேலை முந்தானையில் விதை பொறுக்கினாள். நீங்கள் என் காதோரம் குனிந்து, “பாப்பா, சித்தியோட ஓடிப் பிடிச்சு வெளையாடு” என்றீர்கள். ஓடினோம். அவளுக்குக் கால் சரியாக இருக்கிறது என்று சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது உங்களுக்கு. மாட்டுத்தாவணிச் சந்தையில் மாட்டை நடத்திக் காட்டுவது போல.

பெஞ்சிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார். பின்னாலேயே மீசை வைத்த ஒரு அண்ணன். அந்த அம்மா பேரீச்சை மரத்தைக் காட்டி, “ஏம்மா, இம்புட்டு வளந்திருக்கு, ஏன் காய்க்கல?” என்று கேட்டார்.

சித்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இது பொம்பள மரம்மா. ஆம்பள மரம் தனியா இருக்கும். அதோட பூவுல இருந்து மகரந்தத்த எடுத்து இதுல நாமளே தூவிவிடணும். ஒரே ஒரு ஆம்பள மரம் போதும்மா, அம்புட்டு மரமும் காய்ச்சுத் தள்ளும்!”

அந்த அண்ணன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா “அப்படியா” என்று இழுத்தார். நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். சித்தி நிறுத்தவில்லை. பூவின் பாகங்களை விரலால் காற்றில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தரகர் வந்தார். “பொண்ணு லட்சணம்தாண்ணே. ஆனா, ஆம்பளைக்கு முன்னாடி ஆணு பொண்ணுன்னு கூச்சமில்லாமப் பேசுதேன்னு அந்தம்மா சங்கடப்படுறாக” என்றார்.

அப்போதுதான் சித்திக்கே விஷயம் தெரிந்தது. நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. கத்தினீர்கள். “செடிப் படிப்பு படிச்சுத்தானே இந்த வாயி! போதும் படிச்சது!” அதோடு காலேஜ் போச்சு. அவள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். பேராசிரியை வீடு தேடி வந்தார், வாசலோடு அனுப்பினீர்கள். அதே வருடம் வேறு ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தீர்கள். பின்னால் என்னையும் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தினீர்கள்.

இப்போது உங்கள் பேத்தி டிகிரி வாங்கியதற்குத் திருமங்கலத்தில் மண்டபம் பிடித்து விருந்து வைக்கிறீர்கள். ‘எங்கள் குடும்பத்தின் முதல் பெண் பட்டதாரி’ என்று பிளக்ஸ். நடுவில் கைகூப்பிச் சிரிக்கிறீர்கள். அந்தப் பிள்ளை மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. நன்றாக இருக்கட்டும்.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் சித்தி என்னை மடியில் வைத்திருந்தாள். நீங்கள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். “அந்தம்மா எம்புட்டு ஆசையாக் கேட்டாங்க பாத்தியா? இதுவரைக்கும் எங்கிட்ட யாருமே எம்படிப்பப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்லடி” என்றாள். எனக்கும் பெருமையாக இருந்தது. பக்கத்தில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். தூசி போல என்று நினைத்தேன். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பதும், தெரிந்தே வாயை மூடிக்கொண்டு வந்தார் என்பதும் அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

இப்போது புரிகிறது. விருந்துக்கு நான் வருவேன், சித்தியும் வருவாள். உங்கள் கையில் மைக் இருக்கும். நம் குடும்பத்துக்கு முதல் பெண் பட்டதாரி கிடைக்க இத்தனை வருடம் ஏன் ஆனது, மாமா? சித்தியைப் பார்த்து, எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.