குவைத்துக்கு ஒரு பேடண்ட் பயணம், எட்டு சர்ட்டிபிகேட்டுடன்

1976 மார்ச், புதன்கிழமை. காலை 6.40க்கு துபாயில் விமானம் ஏறினேன். மணற்காற்று வீசினால் ஜன்னல் ஏ.சி.யின் காற்றுத் துளையைத் தானே மூடிக்கொள்ளும் தகரக் கதவு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். நாற்பத்தாறு வயது மெக்கானிக்குக்கு அது தலைப்பிள்ளை. துபாயில் பேடண்ட் சட்டமே இல்லை. குவைத்தில் உண்டு என்றார்கள். விமானம் குலுங்கியபோதெல்லாம் வரைபடச் சுருளைத்தான் கட்டிப்பிடித்தேன். உயிரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

7.20, குவைத் நேரம். ஃபர்வானியாவுக்கு எட்டு கிலோமீட்டர், டாக்சி ஒரு தினார். மனைவியின் தம்பி சுந்தரம் வாசலிலேயே ஒரு கவரை நீட்டினான். போன லீவில் நான் கொடுத்த மாதிரியைப் பார்த்து எட்டுக் கதவுகள் செய்து, தன் கட்டடத்து ஜன்னல்களில் மாட்டியிருக்கிறான்!

"ஆபீசுல வெறுங்கையோட போனா மதிப்பாங்களா மாமா? எட்டு ஊட்டுலயும் சர்ட்டிபிகேட் வாங்கிப்போட்டேனுங்க. ஆறு மாசமா நல்லா ஓடுதுன்னு கையெழுத்து, சீலு, எல்லாம் இருக்குது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

10.00. பேடண்ட் அலுவலகத்தில் எகிப்திய அதிகாரி. மொழிபெயர்க்க நாகர்கோவில் டைப்பிஸ்ட்.

"அண்ணே, ஐந்நூறு வருசத்துக்கு முந்தி வெனிஸ் பட்டணத்துல போட்ட சட்டமாம். அந்த ஊருக்குப் புதுசா இருந்தாத்தான் உரிமை. இங்கயும் அப்படித்தான். குவைத்துல ஆராவது மாட்டியிருக்காவளான்னு கேக்காரு."

கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல் மனுவோடு கவரையும் மேசைமேல் வைத்தேன். அதிகாரி எட்டையும் படித்தார். டைப்பிஸ்ட் தலையில் கை வைத்தான்.

"என்னண்ணே, எதிர்க்கட்சிக்கு நீங்களே எட்டு சாட்சி கூட்டிட்டு வந்துட்டியளே! கலாஸ், எல்லாம் முடிஞ்சுது."

நாற்காலி என்று நினைத்துக் குப்பைக்கூடையில் உட்கார்ந்தேன். கொடுத்த தண்ணீரை வரைபடத்துக்குப் புகட்டினேன்.

"கவரத் திருப்பி எடுத்துக்கலாங்களா?"

"படிச்சாச்சே! அவரு கண்ணையா பிடுங்க முடியும்?"

மனுவை என்னிடமே நீட்டியபடி அதிகாரி ஏதோ கேட்டார்.

"அவரு வீட்டுக்கும் ஒண்ணு மாட்டித் தருவியளான்னு கேக்காரு."

மாலை 4.30. ஊரில் சான்றிதழ் இல்லாதவன் பிறக்கவே இல்லை என்பார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த இருவர் சேர்ந்து ஒரு பிள்ளையைத் தாரை வார்த்தோம். விமான நிலையத்துக்கு டாக்சி கிளம்பும்போது மணற்காற்று எழுந்தது. சுந்தரத்தின் கட்டடத்தில் எட்டுக் கதவுகளும் டப் டப்பென்று மூடிக்கொண்டன. ஒன்றுகூடச் சிக்கவில்லை. அழுவதா, கைதட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். டாக்சிக்காரர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.